அலட்சியமா அது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

‘பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா மிகுதியாக இருக்கக் காரணம் பெற்றோரின் அலட்சியமே, மருந்தெல்லாம் அரசு இலவசமாகத் தருகிறது’ என்று சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். இரண்டு வரியில் தீர்ப்பே சொல்லிவிட்டீர்கள், நன்றி. பக்கத்தில் செம்மண் பாலைவனப் படம் வேறு.

பூர்வகுடி மக்களின் உடல்நலம் பற்றிய 2018-19 அரசுக் கணக்கெடுப்பு தாங்கள் அறியாததல்ல. ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களில் சுமார் 16 விழுக்காட்டினருக்கு ஆஸ்துமா, மற்றவர்களில் 11. ஆனால் தொலைதூர ஊர்களில் அது 9தான். நகரங்களிலும் அவற்றை அடுத்த ஊர்களிலும்தான் 17. பாலைவனத்துக்குப் பதிலாக நம் தெருவையே படம் எடுத்துப் போட்டிருக்கலாம். அந்த 9ஐயும் நான் அப்படியே நம்ப மாட்டேன். சோதித்துப் பார்க்க ஆளில்லாத இடத்தில் நோயும் குறைவாகத்தான் தெரியும்.

நாட்டின் வடபகுதியான நார்தர்ன் டெரிட்டரியில் குழந்தைகள் வார்டில் தாதியாக இருந்தவள் நான். விமானத்தில் கொண்டுவரப்படும் சிறுவனுக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளின் இடையே தோல் உள்ளே இழுக்கும். அவனுடைய பாட்டி கட்டிலின் கால்மாட்டில், தரையில், இரவெல்லாம் கண் மூடாமல் கிடப்பார். அலட்சியமா அது? வீட்டுக்கு அனுப்பும்போது மூச்சுத் திணறலைத் தணிக்கும் மருந்தை உள்ளிழுக்கும் நீலப் பஃபரையும், அதில் பொருத்தும் ஸ்பேசர் குழாயையும் கையில் திணித்து, ஆங்கிலத் தாள் ஒன்றையும் கொடுத்துவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளரை அழைக்க நேரமிருக்காது. போய்ச் சேரும் வீட்டிலோ ஓர் அறைக்குள் ஒரு குடும்பம், சுவரெல்லாம் பூஞ்சணம், பழுதுபார்க்க வராத வீட்டுவசதி அலுவலகம். வாரக்கணக்கில் சளி இருமலோடு வந்த பிள்ளைக்கும் ஆஸ்துமா என்றே எழுதி அனுப்பி, பின்னர் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து கெட்டதையும் கண்டிருக்கிறேன்.

இலவசம் என்கிறீர்கள். நகரத்தில் உள்ள பூர்வகுடியினருக்கு அந்த மருந்துச் சலுகை 2010இல்தான் வந்தது. அதற்கும் பதிய வேண்டும், சீட்டு எழுதும் மருத்துவர் கிடைக்க வேண்டும்.

2016 நவம்பர் 21ஆம் தேதி மெல்பர்னில் இடிமழையோடு புல் மகரந்தம் பரவி, ஆஸ்துமா தாக்கிப் பத்துப் பேர் இறந்தார்கள். அன்று மூச்சுத் திணறியவர்களில் இந்திய, இலங்கை வழியினர் தங்கள் தொகைக்கு மிஞ்சியே இருந்தார்கள். அப்போது நம் அலட்சியம் என்று யாராவது எழுதினார்களா? ‘பஃபர் பழகினால் விடாது’ என்று, ஆஸ்துமா வராமல் தடுக்கத் தினமும் எடுக்க வேண்டிய மருந்தை நிறுத்திவிட்டு, பிள்ளைக்கு முட்டு வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடும் நம் வீடுகளை எனக்குத் தெரியாதா?

உங்கள் பொங்கல் மலரில் பூர்வகுடி மக்களைக் குடிகாரர்களாக்கிய துணுக்கைக் கண்டித்தும் எழுதியிருந்தேன். அது வெளிவரவில்லை. நகைக்கடை விளம்பரத்துக்கு இடம் போதாமல் போயிருக்கும்.

மறுப்பு வெளியிடுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அடுத்த இதழில் கால் பக்கம் தாருங்கள், போதும். ஆஸ்துமா முதலுதவியைத் தமிழில் போடுங்கள்: பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைக்கவும், நீலப் பஃபரை ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக நான்கு முறை கொடுக்கவும், ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு, நான்கு நிமிடம் பொறுக்கவும், தணியாவிட்டால் இன்னும் நான்கு முறை கொடுக்கவும், அப்போதும் தணியாவிட்டால் அவசர எண் 000ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அதையே தொடரவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
சிட்னி