டியூப்லைட்டைத் தேடி வரும் ஆசிட் பூச்சி

ஐயா,

சிறுவர் பக்கத்தில் தேளையும் பூரானையும் பெரிதாகப் போட்டுப் பயமுறுத்தியிருந்தீர்கள். மழைக்காலத்தில் எங்கள் வியாசர்பாடி வீடுகளுக்குள் டியூப்லைட்டைத் தேடி வருவது ஆசிட் பூச்சி. மெலிந்த உடலில் கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும் இந்த வண்டு கடிக்காது, கொட்டாது. தோலில் வைத்து நசுக்கினால்தான் பெடெரின் என்ற நஞ்சு வெளிப்பட்டு, ஓரிரு நாளில் தீக்காயம்போல் கொப்புளிக்கும். (அக்கி என்று காவி பூசுகிறவர்களும் உண்டு!) ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அந்தக் கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது.

டெங்கு கொசுவையும் விட்டுவிட்டீர்கள். தண்ணீர் டிரம்மின் உட்சுவரில் ஒட்டிய அதன் முட்டைகள் காய்ந்தாலும் பல மாதம் தாங்கும். பிள்ளைகளையே பிரஷ் எடுத்துத் தேய்க்கச் சொல்லலாம். அடுத்த வாரம் இவற்றையும் வண்ணப்படத்தோடு போடுங்கள்.

– ஒரு வாசகர், வியாசர்பாடி, சென்னை