வள்ளிக்கு, லென்ஸ் விஷயமாக

வேளச்சேரி,
வெள்ளி இரவு

அன்புள்ள வள்ளி,

இங்கே எல்லாரும் சுகம். இவருக்கு இருமல் விட்டுவிட்டது. நம் தோழி 'அரை டிக்கெட்'டுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். பெயர் வைக்க உன்னைத்தான் கேட்பாளாம், தயாராக இரு. மற்ற கதையெல்லாம் அப்புறம். பறவைப் படம் எடுக்க நீ பார்த்துவரச் சொன்ன லென்ஸை இன்று சாயங்காலம் அண்ணா நகர் போய்ப் பார்த்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிடி, வாங்கிடு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கடைசி வரி வரை படி.

முதலில் நல்ல சேதி. லென்ஸில் குறை ஒன்றும் இல்லை. நிக்கான் 200-500 மில்லிமீட்டர் ஜூம், வெளிச்சம் உள்ளே விடும் அளவு எஃப் 5.6. விற்பவர் குடும்பத்தோடு கனடா போகிறார். இத்தனை நாளும் ஈரம் ஏறாத டிரை கேபினெட்டில்தான் வைத்திருந்திருக்கிறார். செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, முன்கண்ணாடி வழியே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். தூசி படத்தில் விழாது, பயப்படாதே. பயப்பட வேண்டியது பூஞ்சைக்கு. இந்தக் கடற்கரை ஊரில் துணியில் சுற்றிப் பீரோவில் போட்டுவைத்த லென்ஸ்களில், கண்ணாடியின் ஓரத்திலிருந்து உள்நோக்கி வெள்ளையாய் இழை ஓடியிருக்கும். இதில் அது இல்லை. திருகுகளின் தலையில் கீறல் இல்லை, ஆகவே யாரும் பிரித்து மாட்டவில்லை. ஜூம் வளையம் எங்கும் சிக்கவில்லை. என் டி7500 கேமராவில் மாட்டி, கை நடுக்கத்தைச் சமன்செய்யும் விஆர் போட்டுப் பார்த்தேன், எதிர் மாடித் தொட்டிச் செடியின் இலை நரம்பு வரை தெளிவாக விழுந்தது. 65,000 சொல்கிறார், பேசினால் 60-க்கு இறங்குவார். நியாயமான விலைதான்.

ஆனாலும் வாங்காதே என்கிறேன்.

அந்த லென்ஸ் 2,300 கிராம் வள்ளி. உன் டி5600 கேமரா, பேட்டரி கார்டு எல்லாம் சேர்த்தே 465 கிராம். அவர் வீட்டு பால்கனியில் நின்று, மேலே சுற்றிக்கொண்டிருந்த பருந்தைப் பின்தொடர்ந்தேன். அது இரண்டு வட்டம் அடிப்பதற்குள் என் இடது மணிக்கட்டு கீழே இறங்கிவிட்டது. ஜூமை முழுக்க நீட்டினால் குழல் இன்னும் வெளியே வருகிறது, பாரம் முழுக்க முன்னால் போய்விடுகிறது. தோள் நன்றாக இருக்கிற எனக்கே இப்படி. போன வருஷம் தலை வாரிக்கொள்ளக்கூடக் கை தூக்க முடியாமல், அண்ணன் பின்னிவிட்ட கோணல் சடையோடு நீ வீடியோ காலில் வந்தாயே, அது எனக்கு மறக்கவில்லை. பிசியோதெரபிக்கு அழுதுகொண்டே போய் மீட்டெடுத்த தோள் அது. சர்க்கரை வேறு இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு உறைந்த தோள் மற்ற தோளுக்கும் வரலாம். மெய்யப்பன் சிங்கப்பூரில் உட்கார்ந்து யூடியூப் பார்த்து அம்மாவுக்குப் பெரிய லென்ஸ் வாங்கித் தருகிறேன் என்கிறான். தங்கமான பிள்ளை. உன் தோள் அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

டிரைபாட் வைத்துக்கொள்கிறேன் என்பாய். வேடந்தாங்கல் கரையில் நின்று மரத்தில் அடைந்திருக்கும் நாரையை எடுக்க அது சரி. ஆனால் உனக்குப் பிடித்தது பஞ்சுருட்டான், தேன்சிட்டு, மீன்கொத்தி. நீ மூன்று காலையும் விரித்து வைக்கும்வரை அதுகள் காத்திருக்காது. அதோடு அந்தக் கனத்துக்கு ஏற்ற டிரைபாட், அதற்கேற்ற தலை என்று செலவும் சுமையும் ஏறிக்கொண்டே போகும். அதைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரையில் எவ்வளவு தூரம் நடப்பாய்?

"500 இருந்தா எட்டும், 400-ல எட்டாது" என்று எழுதியிருந்தாய். எட்டுவதில் உள்ள வித்தியாசத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பார். உன் கேமராவில் படம் பதியும் சென்சார் சின்னது, அதனால் காட்சி ஒன்றரை மடங்கு நெருங்கி விழும். அதில் 400 போட்டால் பெரிய சென்சார் உள்ள முழு பிரேம் கேமராவில் 600 போட்ட அளவுக்குக் காட்சி வரும், 500 போட்டால் 750. படத்தில் நாலு விரல் அகலத்துக்குத் தெரிகிற நாரை, ஐந்து விரல் அகலத்துக்குத் தெரியும். இவ்வளவுதான். 24 மெகாபிக்சல் கையில் இருக்கிறது, ஓரத்தை வெட்டிக்கொண்டால் போச்சு. இந்த ஒரு விரல் அகலத்துக்காக இரண்டு மடங்கு பாரம் சுமக்கிறாய்.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பில் ரேடியல் ரோட்டு ஓரத்திலிருந்து பூநாரைக் கூட்டத்தை எடுக்கப் போனால், வெயில் ஏறின பிறகு தண்ணீர்மேல் காற்று நெளிய ஆரம்பித்துவிடும். அப்புறம் எந்த லென்ஸ் போட்டாலும் கால்கள் வளைந்து வளைந்துதான் விழும். தூரம் கூடக் கூட நெளிசல்தான் பெரிதாகத் தெரியும். அதற்கு மருந்து விடியற்காலையில் போவது ஒன்றுதான். காரைக்குடி வெயிலில் உன் கண்மாய்களிலும் இதே கதைதான் இருக்கும்.

அதனால் நான் சொல்வது 100-400. சிக்மாவிலும் டாம்ரானிலும் இருக்கிறது, இரண்டுமே 2017-இல் வந்தவை. சிக்மா 1,160 கிராம், டாம்ரான் 1,115. நீட்டிய முனையில் எஃப் 6.3. நிக்கானின் 5.6-ஐவிட வெளிச்ச அளவில் மூன்றில் ஒரு படிதான் (ஸ்டாப்) இருட்டு, கேமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஏற்றினால் சரியாகிவிடும். சிக்மா 1.6 மீட்டர் கிட்டத்திலேயே போகஸ் ஆகிறது, உன் வீட்டுச் செம்பருத்தியில் வரும் தேன்சிட்டை முற்றத்தில் உட்கார்ந்தே எடுக்கலாம். எல்லாரும் உள்ளே கண்ணாடி இல்லாத புது மிரர்லெஸ் கேமராவுக்குத் தாவிக்கொண்டிருப்பதால் பழைய நிக்கான் மவுண்ட் லென்ஸ்கள் செகண்ட்ஹாண்டில் நிறைய வருகின்றன. நமக்கு நல்ல காலம்.

இப்போதைக்கு அவ்வளவு பணம் போட வேண்டாம் என்று நினைத்தால் நிக்கானின் 70-300 ஏஎஃப்-பி போதும், 415 கிராம்தான். அதில் விஆர் உள்ளது, இல்லாதது என இரண்டு வகை உண்டு, பெயரில் விஆர் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். யாராவது பழைய 300 ஏஎஃப் லென்ஸ் மலிவாகத் தருகிறேன் என்றால் தலையாட்டிவிடாதே. மோட்டார் இல்லாத லென்ஸ் உன் கேமராவில் தானாகப் போகஸ் ஆகாது. கையால் திருகி மீன்கொத்தியைப் பிடிக்க முடியாது.

ஆறுமணிக்குருவிக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அக்டோபரில் அது இறங்கும்போது கிண்டியிலும் அடையாறு பக்கத்துத் தோட்டங்களிலும் மரத்தடிச் சருகில்தான் இருக்கும். பட்டப்பகலிலும் அங்கே இருட்டு. ஆனால் சருகைக் கிளறிவிட்டு அப்படியே அசையாமல் நிற்கும் குருவி அது. விஆர் இருந்தால் நொடியில் 125-இல் ஒரு பங்கு வேகத்திலேயே எடுக்கலாம். பறக்கிற பறவைக்குத்தான் ஆயிரத்தில் ஒரு பங்குக்குமேல் வேண்டும், அங்கே விஆர் உதவாது. பறவையின் அசைவை அது என்ன செய்யும்?

ஒரு விஷயம் மனசு பொறுக்கவில்லை. போன குளிர்காலத்தில் அதே ரேடியல் ரோட்டில், கையில் என் சம்பளத்தைவிட விலைகூடின லென்ஸ் வைத்திருந்த ஒருவர், பறக்கும் படம் வேண்டும் என்று நீரில் கல் விட்டெறிந்தார். கூட்டம் முழுக்க எழும்பிவிட்டது. சண்டை போட்டேன். எங்கிருந்தெல்லாமோ வந்து இரை தேடிக்கொண்டிருக்கும் பறவைகள் வள்ளி. பள்ளிக்கரணை 2022-இல் உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, ஆனாலும் ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, சுற்றிலும் கட்டடம். மிச்சம் இருக்கிற தண்ணீரில்தான் அதுகள் நிற்கின்றன. உன் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள். அந்த ஊர்க் கண்மாயில் நீ படம் எடுக்கப் போகிறாய். 400 எட்டவில்லையா, பறவை சின்னதாகவே விழட்டும். கூட்டுக்குக் கிட்டே ஒரு அடி வைக்காதே. இதை உனக்குச் சொல்லத் தேவையில்லை, மெய்யப்பன் லீவில் வந்தால் அவனுக்குச் சொல்லு.

இனி ஆக வேண்டியது. தி. நகரில் எனக்குத் தெரிந்த கடையில் ஒரு சிக்மா 100-400 வந்திருக்கிறது, 42,000 சொல்கிறார்கள். செவ்வாய் வரை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். என் கேமராவில் மாட்டிப் பார்த்து வாங்கிவிட முடியாது. டி5600-இல் போகஸ் திருத்தும் வசதி கிடையாது, என் டி7500-இல் உண்டு. உன் கேமராவுக்கு அந்த லென்ஸ் பொருந்துகிறதா என்று அதில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். சுவரில் செய்தித்தாளை ஒட்டி, வியூபைண்டரில் கண் வைத்து ஒன்று, பின்திரையில் பார்க்கும் லைவ் வியூவில் ஒன்று எடுப்போம். லைவ் வியூவில் எழுத்து கூர்மையாகவும் வியூபைண்டரில் மங்கலாகவும் வந்தால் போகஸ் முன்னே பின்னே விழுகிறது என்று அர்த்தம். லென்ஸைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சிக்மாவின் யுஎஸ்பி டாக் இருந்தால் லென்ஸிலேயே சரிசெய்துவிடலாம், கடைக்காரரிடம் இருக்கிறதா என்று கேட்டுவைக்கிறேன்.

ஆகவே திங்கள்கிழமை பல்லவனைப் பிடித்து வந்து சேர். எழும்பூருக்கு நான் வருகிறேன். அண்ணாநகர்க்காரருக்கு நாளைக் காலை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், அதற்குள் உனக்கு மாற்றுக் கருத்து இருந்தால் போன் பண்ணி என்னோடு சண்டை போடு. பணம் யாருக்கும் ஜிபே போடாதே. கேமராவும் சார்ஜரும் இரண்டு பேட்டரியும் மறக்காதே. இவருக்குச் சீப்புச் சீடை கொண்டுவந்தால் சந்தோஷப்படுவார்.

உன்
கோமதி