நடுவர் பெயரோடு மதிப்பெண்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. நங்கநல்லூரில் நல்ல மழை; தெருவில் தண்ணீர் தேங்கவில்லை, அதுவே பெரிய விஷயம்.

டிசம்பரில் பரதநாட்டியப் போட்டிக்கு நடுவராக வருகிறாயாமே! அதுபற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேத்தியோடு உட்கார்ந்து ஃபிகர் ஸ்கேட்டிங், அதாவது பனித்தரையில் சறுக்கி ஆடும் போட்டி, பார்க்க ஆரம்பித்தேன் அல்லவா, இப்போது ஆட்டத்தைவிட மதிப்பெண் தாளைத்தான் அதிகம் படிக்கிறேன்.

பெரிய போட்டிகளில் ஒன்பது நடுவர்கள். ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் அடிப்படை மதிப்பு உண்டு. அது எவ்வளவு சுத்தமாக வந்தது என்று மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை போடுவார்கள். அதிகமானதில் ஒன்று, குறைவானதில் ஒன்று அடித்துவிட்டு, மீதி ஏழின் சராசரி. அப்படியானால் ஒருவர் வேண்டியவருக்கு அள்ளிப் போட்டாலும் பலிக்காது என்றுதானே தோன்றும்? கணக்குப் போட்டுப் பார். ஐந்து பேர் 2, மூன்று பேர் 3. ஒன்பதாமவரும் 2 போட்டால் சராசரி 2.29. அவர் 5 போட்டால் அந்த 5 அடிபடும். ஆனால் அடிபட வேண்டிய ஒரு 3 உள்ளே தங்கிவிடும். சராசரி 2.43. டிரிபிள் லட்ஸ் என்று காற்றில் மூன்று சுற்று சுற்றும் தாவல் ஒன்று உண்டு; அதில் இந்த வித்தியாசத்தின் மதிப்பு 0.08 புள்ளிதான். ஆனால் ஓர் ஆட்டத்தில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு இடங்கள் வருமே. நெருக்கமான போட்டியில் பதக்கமே கைமாறிவிடும்.

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில், ரஷ்ய ஜோடிக்குச் சாதகமாகப் போடச் சொல்லித் தன்னை நெருக்கினார்கள் என்று பிரெஞ்சு நடுவர் சொன்ன விவகாரம் வெடித்து, கனடா ஜோடிக்கு இரண்டாவது தங்கம் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் 6.0ஐ உச்ச மதிப்பெண்ணாக வைத்த பழைய முறை போய் இந்த முறை வந்தது. கூடவே, எந்த நடுவர் எந்த மதிப்பெண் போட்டார் என்பதையும் மறைத்துவிட்டார்கள். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் சோட்னிகோவா 224.59 எடுத்துத் தங்கம் வாங்கினாள், தென்கொரியாவின் யூனா கிம் 219.11. உலகமே சண்டை போட்டது. ஆனால் தாளில் எந்த வரிசை எந்த நடுவருடையது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. டார்ட்மவுத் கல்லூரிப் பொருளாதார அறிஞர் எரிக் ஸிட்ஸ்விட்ஸ் ஆராய்ந்து பார்த்தார்: பெயரை மறைத்தபின் சொந்த நாட்டுக்காரருக்குச் சாதகமாகப் போடுவது குறையவில்லை, கூடித்தான் இருந்தது. 2016ல் ஒருவழியாக மறைப்பை எடுத்தார்கள்.

நம் ஊருக்கு வருவோம். போன வருஷம் பேத்தி ஆடிய போட்டியில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் வாசித்தார்கள். அரைமண்டி போதவில்லையா, தாளம் விலகியதா, அபிநயம் எடுபடவில்லையா, குழந்தைக்கு எதுவும் தெரியவில்லை. அழுதுகொண்டே சலங்கையைக் கழற்றினாள்.

அமைப்பாளர்களிடம் நீ சொன்னால் கேட்பார்கள். ஒவ்வொரு நடுவரின் தாளையும் பெயரோடு, அரைமண்டிக்கு இவ்வளவு, அபிநயத்துக்கு இவ்வளவு என்று பிரித்து, அன்றைக்கே பலகையில் ஒட்டச் சொல். பெற்றோர்கள் உன்னைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்பார்கள்தான். கேட்கட்டுமே. உன்னால் பதில் சொல்ல முடியும்.

அப்புறம், வேறெங்கும் ரூம் போடாதே. நம் வீட்டில்தான் தங்க வேண்டும். ரயில் டிக்கெட் எடுத்ததும் தேதி எழுது.

அன்புடன்,
கல்யாணி