டென்னிஸ் மைதானத்தில் பிறந்த போட்டி

ஆசிரியருக்கு,

வினாடி வினா என்றாலே நம் பள்ளிகளில் மேடை, மணி, நாலு கைதட்டல், அப்புறம் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு. மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் கதையே வேறு. அங்கே மேல்நிலைப் பள்ளிகளுக்கான தேசிய அறிவியல், கணிதப் போட்டி நடக்கும் நாட்களில் பழைய மாணவர்கள்கூடப் பள்ளி வண்ண உடையில் அரங்கை நிரப்பிவிடுகிறார்கள், ஏதோ கால்பந்து இறுதியாட்டம் போல.

இதன் தொடக்கமும் விளையாட்டோடு ஒட்டியதுதான். 1993இல் குவாக்கு மென்சா-பொன்சு என்ற நிறுவனத் தலைவர், தம்மோடு டென்னிஸ் ஆடும் கானா பல்கலைக்கழகப் பேராசிரியர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது உதித்த யோசனை இது. முதல் வினா தொடுப்பாளர் உயிர்வேதியியல் பேராசிரியை மரியன் அடி. அறிவியலை மக்களிடம் கொண்டுசென்றதற்காக 1999இல் யுனெஸ்கோவின் கலிங்கா பரிசு பெற்றவர். (அந்தப் பரிசை நிறுவியவர் நம் ஒடிசாவின் பிஜு பட்நாயக்!) 2006 முதல் அந்த இருக்கையில் எல்சி எஃபா காஃப்மன்.

எனக்குப் பிடித்தது கடைசிச் சுற்று. விடுகதை! குறிப்புகள் ஒவ்வொன்றாக வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் கூடுதல் மதிப்பெண். நம் பாட்டிமார் போட்ட அதே விளையாட்டுதான், விடை மட்டும் ஏதாவது தனிமமாகவோ தேற்றமாகவோ இருக்கும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. முதன்மை வினா தொடுப்பாளர்களாக இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். ஆனால் 2024 வரை கோப்பை வென்ற பள்ளிகளில் பெண்கள் பள்ளி ஒன்றுகூட இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், மதுரை