கொடுப்பனவை வெட்டாமல் வேலைக்கு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு பெறும் பலருக்கு, அந்தக் காசு நின்றுவிடுமோ என்ற பயம்தான் வேலைக்குப் போகத் தடையாக இருக்கிறது. நிலாவெளிப் பக்கம் எனக்குத் தெரிந்த தங்கச்சி ஒருவர், செயற்கைக் காலுடன் வீட்டிலிருந்து பள்ளிச் சீருடை தைக்கிறார். கொலர் மடிப்பு ஒன்றுகூடக் கோணாது. கடைக்காரர் மாதச் சம்பளத்துக்குக் கூப்பிட்டும் போகவில்லை. “காசையும் வெட்டி, பிறகு வேலையும் போனா ஆரிட்டப் போறது?” என்கிறார். நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியாக ‘டிக்கெட் டு வேர்க்’ என்ற திட்டம் வந்தது. இயலாமைக் கொடுப்பனவு பெறும் 18 முதல் 64 வயது வரையானோர் விரும்பினால் சேரலாம், கட்டாயமில்லை. வேலை தேடவும் பயிற்சிக்கும் இலவச உதவி கிடைக்கும். அங்கே முன்பு வேலை செய்து கட்டிய சமூகக் காப்புறுதி வழியாகக் கொடுப்பனவு பெறுவோர் 9 மாதம் வேலை செய்து பார்க்கலாம்; எவ்வளவு உழைத்தாலும் அந்த மாதங்களில் முழுத்தொகை வரும்.

நம் நாட்டில் அரச வேலையில் 3 வீதம் ஒதுக்கச் சொல்லும் சுற்றறிக்கை 1988இலேயே வந்துவிட்டது. 1996இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டமும் வந்தது. சரி, மூதூரில் வீட்டோடு இருப்பவருக்கு இதை யார் போய்ச் சொல்வது? பஸ் படியே அவருக்கு எட்டாது.

பிரதேச செயலகங்களின் சமூக சேவை உத்தியோகத்தர்கள் வீடு தேடிப் போய், வேலை செய்ய விருப்பமா என்று கேட்கட்டும். விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. விரும்புபவருக்கு, முதல் ஒரு வருடம் கொடுப்பனவில் கைவைக்க மாட்டோம் என்று அரசாங்கம் எழுத்தில் தரவேண்டும்.

வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.