அலுமாரியின் கீழ்த்தட்டு: திருகோணமலைப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பழைய மாணவர்களுக்கு,

வணக்கம். ஊரில் இருப்பவர்களுக்கும், கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் இருந்து வருடாவருடம் காசு சேர்த்து அனுப்புபவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பாடசாலை ஆய்வுகூட உதவியாளராக இருபத்தேழு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். மேடையில் பேசிப் பழக்கமில்லை. போத்தல் கழுவித்தான் பழக்கம்.

ஆய்வுகூடத்துக்கு என்று நீங்கள் தருவதெல்லாம் புதுச் சாமான். வெள்ளை மேலங்கி, பாதுகாப்புக் கண்ணாடி, சுவரில் மாட்ட விதிமுறைப் பலகை. தாராளமாகத் தாருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது எப்போதும் பழைய சாமான்தான்.

வேலைக்குச் சேர்ந்த கிழமை, அலுமாரித் தட்டு முழுக்க மா சலித்தது போல ஒரு வெள்ளைப் படிவு. தூசி என்று துடைத்தேன். அடுத்த கிழமை திரும்பவும் வந்தது. பிறகுதான் பார்த்தேன், செறிந்த ஐதரோகுளோரிக் அமிலமும் அமோனியாக் கரைசலும் தோளோடு தோள் நிற்கின்றன. இரண்டு மூடியாலும் கசிந்த ஆவி சேர்ந்து அமோனியம் குளோரைட்டாகப் படிந்திருக்கிறது. நைத்திரிக் அமிலத்துக்குப் பக்கத்தில் எதனோல். அது இன்னும் மோசம், இரண்டும் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். யாரோ பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று போத்தலின் உயரப்படி அடுக்கியிருந்தார்கள்!

நம் ஊர் உப்புக்காற்றையும் சொல்ல வேண்டும். இரும்பு மூடி, தட்டைத் தாங்கும் ஆணி, காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் அது தின்றுவிடும். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்தபோது வீட்டில் எல்லோரும் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்த்தோம். ஆய்வுகூடத்து சிலிண்டரை யார் பார்த்தார்கள்? சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு தேங்கும். மேலே இருக்கிற யன்னலைத் திறந்து வைத்தால் மட்டும் போகாது. அப்புறம் கார்த்திகை மழை ஈரத்தில் லேபல்கள் உரிந்துவிடும். பெயர் போன போத்தலைப் பாவிக்கவும் முடியாது, எறியவும் முடியாது.

ஒருநாள் கீழ்த்தட்டின் மூலையில் ஒரு சின்னப் போத்தல் கண்டேன். மூடியைச் சுற்றி மஞ்சளாகப் பொருக்கு. இறுகியிருக்கிறது, துணியால் பிடித்துத் திருகுவோம் என்று கை வைக்கப்போனேன். இரசாயனவியல் சேர் வாசலில் நின்றபடியே கத்தினார். அது பிக்ரிக் அமிலம். உயிரியல் வெட்டுகளுக்கு நிறமூட்ட வாங்கியது. ஈரமாக இருக்கும் வரை பெரிய பிரச்சினை இல்லை. காய்ந்து மூடியின் புரியில் படிகமாகிவிட்டால், திருகும்போது ஏற்படும் உராய்வே வெடிக்கப் போதும். ஒரு காலத்தில் பீரங்கிக் குண்டுக்குள் அடைத்த பொருள் அது. தெரியாத பொருளைக் கண்டால் தொடாதே, நகர்த்தாதே, போய்ச் சொல் என்று யுத்தம் முடிந்த கையோடு நம் பிள்ளைகளுக்குப் படித்துப் படித்துச் சொன்னோமே, அதே பாடம்தான் இதற்கும். அறையைப் பூட்டிவிட்டுப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும்.

இப்படிப் பழசெல்லாம் ஏன் தங்குகிறது? இருப்புப் புத்தகத்தில் ஒரு போத்தல் என்றிருந்தால், வருட இறுதிக் கணக்கெடுப்பில் தட்டிலும் ஒன்று இருக்க வேண்டும். கழித்துவிட யாருக்கும் துணிவில்லை. கழித்தாலும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? சிங்கில் ஊற்று என்று என்னிடம் சொன்னவர்களும் உண்டு. அந்தக் கான் போய்ச் சேருவது நாம் மீன் வாங்குகிற கடலில்.

ஆபத்தைக் கண்டால் மட்டும் போதாது என்பதற்கு எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை நினைத்துப் பாருங்கள். 25 தொன் நைத்திரிக் அமிலம் ஏற்றிய கப்பல். ஒரு கொள்கலன் கசிவது தீப்பிடிப்பதற்கு நாட்களுக்கு முன்னமே மாலுமிகளுக்குத் தெரியும். கட்டார் துறைமுகமும் இந்தியத் துறைமுகமும் அதை இறக்க மறுத்தன. கப்பல் 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே பற்றி எரிந்தது, ஜூனில் மூழ்கியது. ஆய்வுகூடத்தில் கசிவை முதலில் காண்பது என்னைப் போன்ற ஒருவர், இல்லாவிட்டால் பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை. அவர்கள் சொன்னதை யார் பதிந்தார்கள், யார் பதில் சொன்னார்கள் என்று கேட்டால் ஆள் இல்லை. ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த மட்டை போட்ட பதிவுக் கொப்பி) போதும் இதற்கு. கண்டவர் திகதியிட்டு எழுத வேண்டும், அதிபர் கிழமைக்கொரு தடவை பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும்.

சரி, காசு. அடுத்த தடவை சேர்ப்பதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். இரசாயனம் தெரிந்த ஒருவரை அழைத்து ஒவ்வொரு போத்தலையும், மூடியைத் திறக்காமல், பார்த்துப் பட்டியல் எடுக்கச் செய்யுங்கள். வேண்டாதவற்றை முறையாக அகற்றும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அமிலத்துக்குத் தனி அலுமாரி, எரியும் திரவத்துக்குத் தனி அலுமாரி. இரச வெப்பமானிக்குப் பதில் மதுசார வெப்பமானி. உடைந்தால் உருளும் இரசத்தைப் பிள்ளைகள் உள்ளங்கையில் வைத்து விளையாடுகிறார்கள், அதன் நச்சு ஆவி கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணில் அமிலம் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். நான் இருந்த இடத்தில் தாங்கி பதினொரு மணிக்கே வற்றிவிடும். ஆகவே ஆய்வுகூடத்துக்கென்று தனியாக ஒரு தாங்கி வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி இதெல்லாம் முடிந்த பிறகு வரட்டும்.

மார்கழி விடுமுறையில் எந்தப் பாடசாலை கூப்பிட்டாலும் வந்து கூட நிற்பேன், கூலி வேண்டாம். வருவதற்கு முன் ஒன்று மட்டும் விசாரித்து வையுங்கள். களவுக்குப் பயந்து ஆய்வுகூடத்தின் பின்கதவுக்கு ஆமைப்பூட்டுப் போட்டிருப்பார்கள். அதன் சாவி யாரிடம் இருக்கிறது?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூட உதவியாளர் ஒருவர்,
திருகோணமலை