பழைய சவரக்கத்திக்குப் புதுப் பிடி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. கையில் கிடைத்த பழைய சவரக்கத்தியின் துருவை எடுத்துவிட்டு, நீயே ஒரு பிடி செய்து போடவேண்டும் என்று சொன்னாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். வேலை செய்யும்போது பக்கத்தில் வைத்துக்கொள்.

எதையும் தொடுவதற்கு முன்னால், அந்தக் கத்தி இந்த உழைப்பைத் தாங்குமா என்று பார். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் வாய் முழுவதையும், அதாவது கூரான விளிம்பு முழுவதையும், பார்த்துக்கொண்டே போ. பிறகு கட்டைவிரல் நகத்தின்மேல் வாயை எடையே கொடுக்காமல் வைத்து மெல்ல நகர்த்து. ஓரிடத்தில் தட்டினால் அங்கே சில்லு போயிருக்கும், அல்லது விரிசல் இருக்கும். சில்லைக் கல்லில் தேய்த்து எடுத்துவிடலாம். விரிசல் என்றால் அந்தக் கத்தி இனி முகத்துக்கு ஆகாது. அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், அவ்வளவுதான். துருக்குழிகளையும் கவனி. நடுவில் இருக்கும் குழி ஒன்றும் செய்யாது. வாயை ஒட்டி இருந்தால், தீட்டத் தீட்டக் கூர் அந்தக் குழிக்குள் போய் உடையும்.

கழுத்தில், அதாவது கத்தி பிடியோடு சேரும் பகுதியில், ஏதாவது முத்திரை இருக்கிறதா என்றும் பார். அமெரிக்கா 1890-இல் கொண்டுவந்த சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் அது எந்த நாட்டில் செய்தது என்று பொறிக்கச் சொன்னது. அதனால் கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டு, சோலிங்கன் ஊர்களின் கத்திகளில் ‘இங்கிலாந்து’, ‘ஜெர்மனி’ என்று நாட்டின் பெயரும் இருந்தால், பெரும்பாலும் அவை அதற்குப் பிறகு வந்தவை. அந்த எழுத்தைத் தேய்த்து அழித்துவிடாதே. முதுகிலோ கழுத்திலோ தங்கப்பூச்சு இருந்தால் பாலிஷ் பக்கமே போகாதே. இரண்டு துடைப்பில் அது போய்விடும்.

பழைய பிடி எதனால் ஆனது என்று தெரியவேண்டுமா? துணியால் அழுத்தித் தேய்த்துச் சூடாக்கி மோந்து பார். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்த பொருள் அது. வயதாகிச் சிதையும்போது அமிலப் புகை விடும். கத்தி மூடிக் கிடந்த இடத்தில் மட்டும் துரு மொத்தமாக ஏறியிருந்தால் காரணம் இதுதான். அப்படிப்பட்ட பிடியை மறுபடி மாட்டாதே. சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் கிரைண்டரிடமும் அடுப்பிடமும் கொண்டுபோகாதே. யானைத் தந்தம் போலத் தெரிந்தாலும் அதில் கை வைக்கவேண்டாம். அதை விற்கவும் நாடு விட்டு நாடு கொண்டுபோகவும் பல நாடுகளில் தடை இருக்கிறது.

கழற்றும்போது முதலில் வாயில் டேப் ஒட்டு. கத்தியையும் பிடியையும் சேர்க்கும் ஆணியின் ஒரு பக்கத் தலையை அரத்தால் வாஷர் மட்டத்துக்கு ராவிவிடு. துளை போட்ட மரக்கட்டையின் மேல் வைத்து, ஆணியைத் தள்ளும் ஒன்றரை மில்லிமீட்டர் இரும்புக் குச்சியால் (பஞ்ச்) கீழே தட்டு. நெம்பாதே. நெம்பினால் பிடி துளையோடு பிளக்கும்.

துரு எடுப்பதில்தான் நிறையக் கத்திகள் வீணாகின்றன. கத்தியை மரக்கட்டையில் படுக்கவைத்து, வாட்டர் பேப்பரை ஒரு கார்க்கில் சுற்றி, சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய். கை எப்போதும் முதுகிலிருந்து வாய்ப்பக்கம் போய் வெளியேறவேண்டும். வாய்க்கு எதிராக வரவே கூடாது. தாளின் எண் 600, 1000, 2000 என்று போ (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்). துரு கெட்டியாக இருந்தால் மட்டும் 400-இல் தொடங்கு. முந்தின தாளின் கீறல் கடைசிக் கோடு வரை மறைந்த பிறகுதான் அடுத்த தாளை எடு. அவசரத்தில் விட்டுவைத்த 400-ன் கீறல், 2000-க்குப் பிறகு பளபளப்பின் நடுவே பளிச்சென்று தெரியும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

ஆனால் முதுகையே தேய்க்காதே. தீட்டும்போது முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படுகின்றன. முதுகின் தடிமனும் கத்தியின் அகலமும் சேர்ந்துதான் கூரின் கோணத்தை, ஏறக்குறைய 16, 17 பாகை என்று, முடிவு செய்கின்றன. முதுகு ஓரிடத்தில் தேய்ந்தால் கூர் கோணலாகும்.

மெஷின் சக்கரம் இப்போதைக்கு வேண்டாம். காகிதம்போல மெலிந்த வாய் ஒரு நொடியில் சூடேறிவிடும். எஃகில் வைக்கோல் நிறம் தெரிந்தாலே பதம் கெடத் தொடங்கிவிட்டது. நீலம் வந்தால் அந்த இடம் இனி கூர் பிடிக்காது.

எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்த வேலையில் பெரிய விஷயம். சிவப்புத் துரு போகவேண்டும். ஆழமான கருங்குழிகளைத் துரத்திக்கொண்டு போகாதே. அதை எடுக்க எத்தனை இரும்பை இழக்கிறாயோ அத்தனையும் கத்தியின் ஆயுள். நூறு வருடக் கத்தியில் நாலு கரும்புள்ளி இருந்தால் அதனால் குறை ஒன்றும் இல்லை.

இனி பிடி. கருங்காலி மரம், ஈட்டி மரம், கொம்பு, அக்ரிலிக் எதுவும் ஆகும். 3 மில்லிமீட்டர் தடிமனில், 160 நீளம், 25 அகலம் என இரண்டு பலகை எடு. மரமானால் ரேகை நீளவாக்கில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் துளை போடும்போதே உடையும். இரண்டையும் இருபக்க டேப்பால் ஒட்டி, ஒன்றாகவே துளையிட்டு, ஒன்றாகவே வெட்டு. துளை 1.6 மில்லிமீட்டர், நட்டக்குத்தாக இருக்கவேண்டும். துளை சாய்ந்தால் கத்தி ஒரு பக்கமாகவே போய் உரசும். கத்தியைத் தற்காலிகமாக மாட்டி மூடிப் பார்த்துதான் உருவம் வரையவேண்டும். முதுகு மேலே கொஞ்சம் தெரியலாம், ஆனால் வாய் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது. இரண்டு மில்லிமீட்டராவது உள்ளே அடங்கியிருக்கட்டும். மரத்தூளுக்கு முகமூடி போட்டுக்கொள். கருங்காலி, ஈட்டித் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும்.

உள்பக்கத்தையும் வழவழப்பாக்கி எண்ணெய் பூசு. வெளிப்பக்கம் மட்டும் பூசினால் ஈரம் ஒரு பக்கமாக ஏறி மரம் வளையும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதே, அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்து வெளியில் காயவை.

கடைசி முனையில், இரண்டு பலகைக்கும் நடுவே வைக்கும் ஆப்பு. கழுத்து 4 மில்லிமீட்டர் தடிமன் என்றால், ஆப்பின் வெளிமுனை 3, உள்முனை ஒன்றரை என்று வைத்துத் தொடங்கிப் பார். இந்தச் சரிவால் இரண்டு பலகையும் லேசாக வில்போல் வளைந்து கழுத்தைப் பிடிக்கும். ஆப்பின் சரிவு இருபுறமும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் கத்தி நடுவில் நிற்காது. ஆணிக்குப் பதில் மெல்லிய திருகும் நட்டும் போட்டு, திருப்தியாகும்வரை கழற்றி மாட்டிப் பார்.

பிறகு ஆணி. 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, இருபுறமும் வாஷர், வாஷருக்கு மேல் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கட்டும். நுனியைத் தட்டையாக ராவு. ஆப்புப் பக்கத்தை முதலில் முடி. இரும்புக் கட்டையில் வைத்து, சின்ன உருண்டைத்தலைச் சுத்தியலால், விரல் நகத்தைத் தட்டுவதுபோலத் தட்டு. நடுவில் அல்ல, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி. முப்பது நாற்பது தட்டில் பித்தளை காளான்போல விரிந்து வாஷரின் மேல் உட்காரும். பாதியில் திருப்பி மறுபக்கமும் அதேபோல். ஓங்கி அடித்தால் ஆணி துளைக்குள்ளேயே வளையும், பலகை பிளக்கும். கழுத்து ஆணியில் நாலு தட்டுக்கு ஒருமுறை நிறுத்திப் பார். திறந்த கத்தி தன் எடையால் விழக்கூடாது, விரலால் தள்ளினால் தடையில்லாமல் நகரவேண்டும். இறுக்கம் போதாதென்றால் இன்னொரு தட்டுத் தட்டலாம். அதிகமானால் ஆணியை ராவி எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போடவேண்டும்.

தீட்டுவது தனிக் கதை. 1000 கல்லில் கூர் முழு நீளத்துக்கும் பிடித்த பிறகே 4000, 8000, 12000 என்று ஏறு. கடைசியில் தோல் வாரில், முதுகு முன்னே போக, ஐம்பது தடவை. முகத்துக்குக் கொண்டுபோகும் முன் 70 சதவீத ஆல்கஹாலில் நன்றாகத் துடை. இதற்குமுன் யார் யார் கையில் இருந்த கத்தியோ.

ஆணி அடிப்பதற்கு முன், திருகு போட்டு மூடிய நிலையில் மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. கத்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா